வதிவிட அத்தாட்சி

பெலிசியான் சூசைக்கு நான் இன்னும்
நாலு ரூபா முப்பத்தைந்து சதம் கடன்.
அறுபத்திரண்டாம் ஆண்டுக் கணக்கு.

காரைக்காலில் பிறந்து
பதினாறு வயதில், ஓடு ஏற்றிய தோணியில்
ஊர்காவற்றுறையில் வந்து இறங்கியவர்.
பிறகு கரையூரில் பேக்கரி.
காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அன்றும்
விடிய மூன்று மணிக்கு
மாப் பிசைந்துகொண்டுதான் இருந்திருப்பார்.

எட்டு வருடம் கழித்து
புதுச்சேரிக் கொன்சுல் எழுதினார்:
ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளில்
நீர் இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தீர் என்றால்
அத்தாட்சி அனுப்பவும்.
அனுப்பினால் நீர் பிரெஞ்சுப் பிரசை.

அதாவது
இவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார் என்று
யாழ்ப்பாணம் எழுதிக் கொடுத்தால்
இவர் பிரெஞ்சுக்காரர்.
இலங்கை கேட்டதோ தகப்பனின் பிறப்புப் பத்திரம்.
தகப்பன் பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம்.
இந்தியா ஒன்றும் கேட்கவில்லை.

கடிதம் கச்சேரியில் என் மேசைக்கு வந்தது.
நான் மூன்றாம் வகுப்புக் கிளாக்கர்.

முந்தின வருட மாசியில்
அதே கச்சேரி வாசலில் சனம் குந்தியிருந்தது,
எங்கள் கடிதங்களுக்கு எங்கள் மொழியில் பதில் வேண்டுமென்று.
உள்ளே போக வந்த நானும்
கடைசி வரிசையில் குந்திவிட்டேன்.
அன்று மத்தியானம்
இரண்டு கடகம் நிறையப் பாண் வந்தது.
யார் அனுப்பியது என்று எல்லோருக்கும் தெரியும்.
சூடாக இருந்தது.

"பாருங்கோவன்," என்றார் வினாசித்தம்பி,
"மொழிக்காக நாங்கள் அடி வாங்க
இவர் வெள்ளைக்காரன் ஆகப்போறார்."
சிரித்தோம்.
கள்ளத்தோணி என்று யாரோ சொன்னார்கள்.
நான்தான் என்று நினைக்கிறேன்.

கோவை என் லாச்சிக்குள் போனது,
முத்திரைத் தாளுக்கும்
சாப்பாட்டுப் பெட்டிக்கும் கீழே.
பதினொரு கிழமை.
கட்டளை எதுவும் இல்லை.
யாரும் என்னைத் தடுக்கவில்லை.

வியாழன்தோறும் வருவார்.
முழுக்கை வெள்ளைச் சட்டை, காதோரம் மா.
பேப்பரில் சுற்றிய ஒரு றாத்தல் பாண்
மேசை ஓரத்தில்.
"கணக்கில் எழுதுங்கோ," என்பேன்.
கைலஞ்சம் வாங்காதவன் என்று எனக்குப் பேர்.

ஒரு வியாழன் மட்டும் உட்காராமல் சொன்னார்:
"ஐயா, நான் எந்த நாடு என்று
நீங்கள் தீர்க்க வேண்டாம்.
எங்கே இருக்கிறேன் என்று எழுதினால் போதும்."

அதற்குப் பிறகும் இரண்டு கிழமை.

பங்குனியில் பொலிசார் அவரைத்
தலைமன்னார்க் கப்பலில் ஏற்றினார்கள்.
விசா முடிந்தவர்கள் பட்டியலில்
இருபத்தேழாவது பெயர்.
நான் கோவையை எடுத்தேன்.
நல்ல கையெழுத்து எனக்கு.
'வதிகிறார்' என்று எழுதி,
வெட்டி,
'வதிந்தார்' என்று எழுதி,
முத்திரை குத்தி,
எந்த விலாசத்துக்கு என்று தெரியாமல்
திரும்ப லாச்சிக்குள் வைத்தேன்.

முப்பது வருடம் போய்விட்டது.
பேக்கரி இருந்த இடத்தில்
செல் விழுந்த குழி, அதில் எருக்கலை.
மகன் பாரிசிலிருந்து எழுதுகிறான்:
அப்பா, நான் யாழ்ப்பாணத்தில் இருந்தவன் என்று
ஒரு கடுதாசி வேணும்.
இவங்கள் நம்புகிறாங்கள் இல்லை.

கிராம சேவகர் சின்னப் பொடியன்.
"நாளைக்கு வாங்கோ ஐயா."
லாச்சியைத் திறந்தார். மூடினார்.
திறந்தபோது உள்ளே பார்க்க
எனக்குத் துணிவு வரவில்லை.
வெறுங்கையோடு போகிறேனே என்றொரு கூச்சம்;
ஊரில் மா இல்லை, பாணும் இல்லை.

மூன்றாம் தரம் போனபோது கேட்டார்:
"மகன் இப்ப எந்த நாடு?"

எங்கே இருந்தான் என்று எழுதினால் போதும், என்றேன்.

அது யாருடைய வசனம் என்று
அவர் கேட்கவில்லை.